மூலையில் மை பட்ட கடிதம்

மடுல்கெல்ல பஜாரில் செல்லப்பா முதலாளியைத் தெரியாத ஆள் யாராவது இருந்தால், அவர் அன்றைக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியவராக இருக்க வேண்டும். அதுவும் வேறு ஊருக்குப் போக வேண்டியவர் தூங்கிப்போய் இங்கே வந்து இறங்கியிருக்க வேண்டும். வர்த்தகர் சங்கத்துக்குத் தலைவர், மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர், பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர், போதாக்குறைக்குச் சமாதான நீதவான். "எங்க வீட்டுல மட்டுந்தாங்க இவருக்கு இன்னும் பதவி கெடைக்கல" என்பாள் மனைவி பரிமளம். சொல்லிவிட்டு, அவருடைய வேட்டிக்கு நீலம் போடப் போய்விடுவாள்.

இத்தனை பதவியிலும் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது கடிதம். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தெருப் பெயர் ஏது, வீட்டு நம்பர் ஏது? அதனால் சுற்றியிருந்த தோட்டத்து ஜனங்கள் பாதிப் பேருக்கு விலாசம் என்றால் 'மே/பா. செல்லப்பா ஸ்டோர்ஸ், மடுல்கெல்ல' என்பதுதான். கல்லாவுக்குப் பின்னால் மரத்தில் தட்டடித்து, தோட்டத்துக்கு ஒரு பொந்தாக வைத்திருந்தார். சம்பள ஞாயிறுகளில் ஜனம் வந்து நிற்கும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே வாசித்துக் காட்டுவார். பதிலும் எழுதுவார். "முப்பது வருஷத்துல என் கடைக்கு வந்த ஒரு கடிதங்கூட வழி தவறினதில்ல" என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், கருமாதி வீட்டிலும் சொல்வார். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துவிட்டது. ஆனாலும் உண்மைதானே என்று விட்டுவிடுவார்கள்.

இன்னொன்றிலும் அவர் மன்னன். கைநாட்டு. பிரஜாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டைப் பத்திரம் என்று எது வந்தாலும், கையெழுத்துத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மைத்தட்டில் ஒற்றி, காகிதத்தில் மெல்ல உருட்டி எடுப்பார். ரேகை தலைமயிர் மாதிரி எண்ணி எடுக்கலாம். கீழே சாட்சியாகத் தன் கையெழுத்தை நீட்டி இழுப்பார். எத்தனை ஆயிரம் பெருவிரல் அவர் கையால் உருண்டதோ, அந்த மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, தன் கடை வாசலில் குத்துக்கல்லாக நின்றுபோனார்.

விஷயம் இதுதான். கண்டியிலிருந்து வரும் பஸ் பஜாரில் திரும்ப இடமில்லை. கொண்டக்டர் பின்னால் நின்று தகரத்தில் தட்டத் தட்ட, பஸ் பின்னாலேயே வந்து, ஒருநாள் ஒரு பெரியவரின் காலில் ஏறியேவிட்டது. கடைக்காரர்கள் ஆளுக்கு மூன்று அடி விட்டுக்கொடுத்தால் திருப்பம் போடலாம் என்று செல்லப்பா எட்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார். மூன்று அடி என்றால் சும்மாவா? "மொதல்ல ஒங்க முகப்ப ஒடைங்க, பொறகு எங்ககிட்ட வாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். உடைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் உடைத்தார்கள். திருப்பமும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மிச்சம் இருந்தது கடையின் பெயர்ப்பலகை மட்டும்தான். பழைய கூரை விளிம்போடு ஒட்டிக்கொண்டு நின்ற அதை இறக்கிப் பின்னால் மாட்ட, அலவத்துகொடவிலிருந்து சாஹுல் ஹமீது பாஸ் வந்திருந்தார். தச்சு வேலையில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நிகர் அவர்தான்.

"மொதலாளி, பலகைக்குப் பொறகால என்னமோ ஈக்கி. எலிக்கூடோ என்னவோ தெரியா" என்றார் ஏணியில் நின்றபடி.

எலிக்கூடு இல்லை. நாலாக மடித்த மெழுகுத்தாள். உள்ளே ஒரு தபால் கவர். இந்திய முத்திரை. கவரின் ஒரு மூலையில் கறுப்பாக மை. விலாசம்: இரத்தினம்மா, மே/பா. செல்லப்பா ஸ்டோர்ஸ். தபால் முத்திரையில் எழுபத்தாறாம் வருஷம்.

பார்த்த மாத்திரத்தில் செல்லப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

இழவுக் கடிதம் என்றால் மூலையில் கறுப்பு மை தடவித்தான் வரும். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்று வாசித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். மஞ்சள் தடவி வந்தால் கல்யாணம், உள்ளே வரலாம். கறுப்பு வந்தால் வெளியே. அதிலும் லட்சுமி குடியிருக்கும் கடை என்றால் கேட்கவே வேண்டாம். செல்லப்பா அதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார். கறுப்பு மைக் கடிதத்தைப் பொந்தில் வைக்க மாட்டார். கூரை விளிம்பில் செருகிவைத்து, கடை அடைத்ததும் தானே லயத்துக்கு நடந்துபோய்க் கொடுத்து, உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவிட்டு வருவார். அந்த மரியாதைக்காகவே ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

எழுபத்தாறில் அந்தக் கடிதம் வந்தது, இந்தப் பெயர்ப்பலகையை மாட்டிய வெள்ளிக்கிழமை. கடையைப் பெரிதாக்கிப் புதுமனை புகுவது மாதிரி பூஜை போட்டிருந்தார்கள். ஐயர் தீபாராதனை காட்டுகிற நேரம் பார்த்துத் தபால்காரர் கடிதத்தை நீட்டினார். மூலையில் கறுப்பு. நல்ல நேரத்தில் இழவா என்று செல்லப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாருக்கு என்று பெயரைக்கூடப் பார்க்கவில்லை. மழை தூறியதால் கவனமாக மெழுகுத்தாளில் மடித்து, புதுப் பலகைக்குப் பின்னால் செருகினார். பிறகு சாப்பாடு, சந்தனம், துரைமார், கிளாக்கர்மார், மாலைக்கு மேல் மாலை. கழுத்து நிறைந்தது, கடிதம் மறந்தது.

மறந்தது யாருடைய கடிதம் என்பதுதான் இப்போது விஷயம்.

இரத்தினம்மாவும் அவள் அக்கா நல்லம்மாவும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அக்காவின் புருஷன் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்தான், தங்கையின் புருஷன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்தான். இரண்டு பத்திரத்தையும் நிரப்பியது செல்லப்பாதான், இதே கல்லா மேசையில். அக்கா புறப்பட்ட அன்று இரத்தினம்மா கண்டி ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கோபம். "என்னைய விட்டுட்டுப் போறவளுக்கு நான் எதுக்கு வழியனுப்பணும்" என்று தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்து அழுதாளாம். கோபம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. அதற்குள் கோச்சியும் போய், அக்கா கப்பல் ஏறிக் கடல் தாண்டிவிட்டாள்.

அன்று முதல் சம்பள ஞாயிறு தவறாமல் வந்தாள். "அக்கா லெட்டர் வந்துச்சுங்களா மொதலாளி?" "வந்தா குடுக்க மாட்டேனா?" என்று சிரிப்பார் செல்லப்பா. நாலு வருஷம் கேட்டாள். ஐந்தாம் வருஷம் ஒருநாள், கடையில் கூட்டம், அவருக்கும் சலிப்பு. "மறந்துட்டா புள்ள ஒங்கக்கா. போன எடத்துல நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டு நீயும் மறந்துரு" என்றார். இரத்தினம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவள் பேரப்பிள்ளை எடுத்து, கொழுந்து பறிப்பதை விட்டு, பஸ் நிற்கும் இடத்தில் பருப்பு வடை சுட்டு விற்க ஆரம்பித்தும் பல வருஷம் ஆகிவிட்டது.

அந்தக் கடிதம் அவள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு சம்பள ஞாயிறும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் கேட்டிருக்கிறாள்!

"என்ன மொதலாளி, முகமே வெளிறிப்போச்சு?" என்று ஏணியிலிருந்து இறங்கி வந்தார் பாஸ். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அல்லாட காவல். கொண்டுபோய்க் குடுத்திருங்க. வேற என்னத்தச் செய்ய ஏலும்?"

செய்ய ஏலும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விழா இருக்கிறதே. அந்த விழாவில் செல்லப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு வர்த்தகர் சங்கம் பெரிய மனுஷர் யாரையும் கூப்பிடவில்லை. பஸ் நிற்கும் இடத்திலேயே கிடந்து வெயிலும் மழையும் பட்டவள் என்று இரத்தினம்மாவைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பரிமளத்திடம் வந்து, எந்தத் தோளில் முதலில் போடுவது என்று கேட்டு, பேரனை நிறுத்திவைத்துத் துவாயால் பழகிக்கொண்டிருந்தாள்.

பரிமளம் விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "ஞாயித்துக்கெழம முடியட்டுங்க. பதினேழு வருஷம் கெடந்தது இன்னும் மூணு நாள் கெடந்தா என்ன? பாவம், ஆசையா இருக்கா" என்றாள்.

செல்லப்பாவும் சரி என்றார். எந்தச் சபையிலும் எழுந்து நியாயம் கேட்கிற மனுஷர், சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கோழை! நான் சொல்லவில்லை, அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. வெள்ளி சோறு இறங்கவில்லை. சனி தேநீர்கூட இறங்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் பரிமளம் இஸ்திரி போட்டு வைத்த வேட்டியைக் கட்டினார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார்.

"அவ கையால பொன்னாடைய வாங்கிட்டுப் பொறகு சொன்னேன்னா நான் மனுஷனே இல்ல, பரிமளம்" என்றார். பரிமளம் குறுக்கே நிற்கவில்லை. தானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள்.

இரத்தினம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. புதுச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, திருப்பத்தின் ஓரத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கடதாசியில் சுற்றிய பொன்னாடை. இவர்களைக் கண்டதும் எழுந்தாள். "வாங்க மொதலாளி! நேரத்தோட வந்துட்டீங்களே."

செல்லப்பா ஆயிரம் மேடை ஏறியவர். அன்றைக்கு முன்னுரை எதுவும் போடவில்லை. கவரை நீட்டினார். "ஒங்கக்கா எழுதினது. எழுபத்தாறுல வந்திருக்கு. இழவுக் கடிதம்னு நெனச்சு நான்தான் பலகைக்குப் பின்னால செருகினேன். மறந்துட்டேன். நான்தான் புள்ள."

அவள் கவரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலையில் இருந்த கறுப்பைக் கண்டாள். "யாரு செத்துட்டாங்க?"

"தெரியல. பிரிக்கல."

"வாசிங்க."

செல்லப்பா பிரித்தார். இலங்கையிலிருந்து போய் இறங்கியவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் யாரோ ஒரு கிளாக்கர் எழுதிக்கொடுத்த கடிதம்.

'அன்புத் தங்கை இரத்தினத்துக்கு அக்கா நல்லம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். கண்டி ஸ்டேஷனில் கோச்சி புறப்படும் வரைக்கும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ வரவில்லை. எனக்குக் கோபம் இல்லை. நான் உன் இடத்தில் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். விலாசம் கீழே இருக்கிறது. எனக்கு இப்போது ஐந்து மாதம். பெண் பிறந்தால் உன் பெயர்தான். உன் கோபம் தீர்ந்தால் ஒரு வரி எழுதச் சொல். பதில் வராவிட்டால் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். கோபமாக இருப்பவளை மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.'

அடுத்த வரியைச் செல்லப்பா மனதுக்குள் வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க" என்றாள் இரத்தினம்மா.

'எனக்கு எழுதத் தெரியாது என்று உனக்குத் தெரியும். இது யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. நான்தான் என்று நீ நம்ப, கவரின் மூலையில் என் கைநாட்டை வைத்திருக்கிறேன். நீ அரிவாளால் வெட்டின காயத்தைப் பார்.'

இரத்தினம்மா கவரை வெயிலுக்குப் பிடித்தாள். இழவு மை இல்லை அது. ஒரு பெருவிரல். நடுவில் குறுக்கே வெள்ளைக் கோடாக ஒரு வடு. புல்லறுக்கும்போது சின்ன வயதில் தங்கையின் அரிவாள் தவறிப் பட்ட இடம். ஆயிரமாயிரம் பெருவிரலுக்குச் சாட்சி போட்ட மனுஷர், அந்த ஒரு பெருவிரலைத்தான் முகம் திருப்பி ஒதுக்கிவைத்திருந்தார்.

அவள் கத்தியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. அந்த வடுவின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே, "நான் கேட்டேன்ல மொதலாளி. மாசா மாசம் வந்து கேட்டேன்ல" என்றாள். "மறந்துட்டான்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். அவளை எத்தன வஞ்சிருப்பேன்!" பிறகு பொன்னாடையை வாங்கிலேயே வைத்துவிட்டு, கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

விழா நடந்தது. பஸ் வந்து, மாலை போட்டுக்கொண்டு, ஒரே வெட்டில் திரும்பியது. ஜனம் கை தட்டியது. செல்லப்பா ஒலிவாங்கிக்கு முன்னால் போனார். "முப்பது வருஷமா ஒரு கடிதமும் தவறலன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒண்ணு தவறிருச்சு. தவற விட்டவன் நான். எனக்குப் பொன்னாட வேணாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான். பாஸ் மட்டும் கீழே நின்று, சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு இரத்தினம்மா கடைப் படி ஏறவில்லை. தீப்பெட்டியைக்கூட எதிர்க்கடையில் வாங்கினாள். வடைச் சட்டியும் அடுப்புமாகத் திருப்பத்தில்தான் இருந்தாள். கல்லாவில் இருந்து பார்த்தால் முதுகு தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே செல்லப்பா நாளைக் கழித்தார். பள்ளிக்கூட டீச்சர் இராஜகுமாரியிடம் சொல்லி அக்காவுக்குக் கடிதம் எழுதிப் போட்டாளாம் என்று பரிமளம் கேட்டு வந்து சொன்னாள். "நல்லது" என்றார். நல்லதுதான். ஆனால் இந்த ஊரில் தன் கையால் எழுதாத கடிதம் ஒன்று கடல் தாண்டிப் போகிறது என்பது அவருக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் நினைத்துக்கொண்டார். பதில் வந்தால் பள்ளிக்கூட விலாசத்துக்குத்தான் வரும். அக்கா இருக்கிறாளோ இல்லையோ, அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாளோ, எதுவும் யாருக்கும் தெரியாது. பதினேழு வருஷம் என்ன பதினேழு நாளா?

தினமும் தபால்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வார். "இஸ்கூலுக்கு இந்தியாக் கடிதம் ஏதாச்சும்?"

"இல்லீங்க மொதலாளி."

எழுபது நாள் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, பிடிவாதமான மழை. தபால்காரர் தொப்பியை உதறிக்கொண்டு உள்ளே வந்து கல்லாவில் கவர்களைப் போட்டார். மூன்றாவது கவரைச் செல்லப்பா வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

மூலையில் கறுப்பு. ஒரு பெருவிரல். நடுவே குறுக்கே வெள்ளைக் கோடு.

விலாசம்: இரத்தினம்மா, மே/பா. செல்லப்பா ஸ்டோர்ஸ், மடுல்கெல்ல.

பள்ளிக்கூடம் இல்லை. அவருடைய கடை. டீச்சர் எழுதியபோது எந்த விலாசம் போடட்டும் என்று கேட்டிருப்பாள். இவள் இதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல், படி ஏறாமல், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, இதைச் சொல்லியிருக்கிறாள்!

குடை எடுக்கவில்லை. கல்லாவைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, கடிதத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அறுபத்திரண்டு வயது மனுஷர் மழையில் ஓடினார். பஜாரே எட்டிப் பார்த்தது. "மொதலாளிக்கு என்ன ஆச்சு?" என்று பரிமளம் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

தகரக் கூரைக்குக் கீழே இரத்தினம்மா வடை போட்டுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்தாள். இவர் கையைப் பார்த்தாள். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கவரை வாங்கி, முதலில் மூலையைத்தான் பார்த்தாள். "அக்கா இருக்கா" என்றாள். "அக்கா இருக்கா, பரிமளம்மா!" அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சட்டியில் வடை கருகியது. பரிமளம்தான் இறக்கிவைத்தாள்.

"வாசிங்க மொதலாளி."

"நானா?"

"பின்ன யாரு?"

செல்லப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

'தங்கச்சி, கோபம் தீர்ந்தது என்று ஒரு வரி சொல்ல உனக்குப் பதினேழு வருஷமா? என் கடிதம் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தாய். நல்லவேளை மழை. உன் கோபம் என்று நினைத்து எத்தனை அழுதேன் தெரியுமா. இங்கே இரத்தினத்துக்குப் பதினாறு வயது. உன்னைப் போலவே முன்கோபம். செல்லப்பா முதலாளி நன்றாக இருக்கிறாரா? அவர் கடை இருக்கிற வரைக்கும் நமக்கு ஒரு விலாசம் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். நான் கேட்டதாகச் சொல்.'

மழையில் மாட்டிக்கொண்டதாம். செல்லப்பா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்னு எழுதியிருக்கலாமே, புள்ள."

"எழுதத்தான் நெனச்சேன்" என்றாள் இரத்தினம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு. "டீச்சர்கிட்ட சொல்லவும் செஞ்சேன். பொறகு வேணாம்னுட்டேன். என் கோவம் என்னோட போகட்டும். அவளுக்கும் எதுக்கு ஒருத்தர் மேல கோவம்? கோவத்தால நாங்க பட்டது போதும்." பிறகு எழுந்து, அடுப்பை அணைத்தாள். "வாங்க. பதில் எழுதணும். ஒங்க கடையிலயே எழுதுவோம்."

எழுதினார்கள். அவள் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் எழுதினார் செல்லப்பா. மழையைப் பற்றிய வரிக்குக் கீழே, தன் பெயரில் ஒரு வரி சேர்த்து, மழை இல்லை அம்மா, நான்தான் என்று எழுதினார். அதை அவளுக்கு வாசித்தும் காட்டினார். இரத்தினம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கவரை ஒட்டியதும் அவள் கையை நீட்டினாள். "எனக்கும் மூலையில வைக்கணும்."

செல்லப்பா லாச்சியிலிருந்து மைத்தட்டை எடுத்தார். எண்ணெய் பட்டுத் தடித்துப்போன அந்தப் பெருவிரலைப் பிடித்து, ஒற்றி, கவரின் மூலையில் மெல்ல உருட்டினார். மை காயட்டும் என்று கவரை எடுத்துக் கொண்டுபோய், கல்லாவுக்கு மேல் லட்சுமி படத்தின் காலடியில், குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னங்க, கறுப்பு மை வச்சத சாமிகிட்டயா வைக்கிறீங்க?" என்றாள் பரிமளம்.

"அங்கதான் இருக்கணும்" என்றார் செல்லப்பா.

பரிமளம் விளக்கை ஏற்றினாள்.